குழந்தைகளுக்கு வரும் சர்க்கரை நோய்: நாட்டுக்கு நாடு ஆயுள் ஏன் மாறுகிறது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மகளுக்கு எட்டு வயதில் டைப் 1 வந்தது. இப்போது பதினேழு நடக்கிறது. இந்த ஒன்பது வருடத்தில் ஆஸ்பத்திரி வரிசையிலும், பெற்றோர் வாட்ஸ்அப் குழுவிலும், கல்யாண வீட்டுப் பந்தியிலும்கூட ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டேன். "நம்ம பிள்ளைக்கு ஏன் இப்படி" என்று தொடங்கும் பேச்சு சீக்கிரமே "வெளிநாட்டுல எப்படிப் பார்த்துக்குறாங்க" என்று திரும்பிவிடும். அப்படிச் சேர்ந்த கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே போட்டிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. உங்கள் பிள்ளைக்கு எத்தனை யூனிட் என்பதற்கு இங்கே விடை கிடைக்காது.

சின்னக் குழந்தைக்குக்கூட சுகர் வருமாக்கா? ஸ்வீட் நிறையக் குடுத்துட்டோமோ?

வரும். ஒரு வயதுக் குழந்தைக்கும் வரும். இனிப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தி வழிதவறி, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. தாத்தா பாட்டிக்கு வரும் டைப் 2 வேறு. அதில் இன்சுலின் சுரக்கும், ஆனால் போதாது, அல்லது சரியாக வேலை செய்யாது. டைப் 1-இல் சுரப்பே நின்றுபோகிறது. அதனால் மாத்திரை, கஷாயம், நடைப்பயிற்சி எதுவும் இன்சுலினுக்கு மாற்று ஆகாது. ஊசியை நிறுத்தினால் சில நாட்களில், மிஞ்சிப்போனால் சில வாரங்களில் உயிருக்கே ஆபத்து.

1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோவில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் போட்டார்கள். அதற்கு முன்பு இந்தக் குழந்தைகளுக்கு இருந்த ஒரே வைத்தியம் பட்டினி. சோற்றைக் குறைத்துக் குறைத்துச் சாவைக் கொஞ்சம் தள்ளிப்போடுவார்கள், அவ்வளவுதான்.

உலகத்துல எத்தனை பேருக்கு இருக்கு? நம்ம நாட்டுல?

2021 கணக்குப்படி உலகில் ஏறக்குறைய 84 லட்சம் பேருக்கு டைப் 1 இருந்தது. அதில் 15 லட்சம் பேர் 20 வயதுக்கு உட்பட்டவர்கள். மொத்தத்தில் ஐந்தில் ஒருவர் ஏழை நாடுகளிலும் அதற்கு அடுத்த படியில் உள்ள நாடுகளிலும் இருக்கிறார். இந்தியா அந்த அடுத்த படியில்தான் வருகிறது. சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு வெளியிடும் அட்லஸ் என்ற புள்ளிவிவர அறிக்கையின் 2021 பதிப்பில், 20 வயதுக்கு உட்பட்ட டைப் 1 பிள்ளைகள் அதிகம் உள்ள நாடு இந்தியாதான்: சுமார் 2.29 லட்சம். அமெரிக்கா நமக்குப் பின்னால்.

எங்க பொறந்தா என்ன, எல்லா ஊர்லயும் இன்சுலின் ஒண்ணுதானே?

மருந்து ஒன்றுதான். ஆனால் பத்து வயதில் டைப் 1 வந்த ஒரு குழந்தை பணக்கார நாட்டில் இருந்தால் சராசரியாக இன்னும் 65 வருடம் வாழும். அதே குழந்தை ஏழை நாட்டில் இருந்தால் 13 வருடம். 2022-இல் லான்செட் குழும மருத்துவ இதழில் வந்த உலகளாவிய மதிப்பீடு இது. அதாவது ஒரு குழந்தை பேரன் பேத்தி எடுக்கும், இன்னொன்று கல்லூரி முடிக்கும் வயதில் போய்விடும்.

இதைவிட மோசமான கணக்கும் உண்டு. 2003 வாக்கில் மொசாம்பிக்கில் நேரில் போய் ஆய்வு செய்தார்கள். கிராமத்துக் குழந்தைக்கு நோய் வந்தபின் ஆயுள் ஓராண்டுக்கும் குறைவு என்று கணித்தார்கள். நாட்டுக்கு வந்த இன்சுலினில் முக்கால் பங்குக்கு மேல் தலைநகர் மபுட்டோவிலேயே தங்கிவிட்டது. நாட்டுக்கும் நாட்டுக்கும் மட்டுமல்ல, தலைநகருக்கும் கிராமத்துக்கும் நடுவிலும் அதே பள்ளம்தான்.

கண்டுபிடிச்சு நூறு வருஷம் ஆச்சே, இன்னுமா விலை குறையல?

கண்டுபிடித்தவர்கள் காப்புரிமையை டொராண்டோ பல்கலைக்கழகத்துக்குத் தலா 1 டாலருக்குக் கொடுத்துவிட்டார்கள். காசுக்காக யாரும் இதை முடக்கிவிடக் கூடாது என்று நினைத்தார்கள். இன்று உலக இன்சுலின் சந்தையில் பத்தில் ஒன்பது பங்கு நோவோ நார்டிஸ்க், எலி லில்லி, சனோஃபி என்ற மூன்று நிறுவனங்களின் கையில்.

இது மாத்திரை மாதிரி ரசாயனத்தைக் கலந்து அச்சில் அழுத்துகிற மருந்து அல்ல. பாக்டீரியாவுக்குள்ளோ ஈஸ்ட்டுக்குள்ளோ வளர்த்து, வடித்து, சுத்தம் செய்து எடுக்க வேண்டும். புதிதாக ஒரு கம்பெனி வந்து நகல் போட ஆகும் செலவும் சோதனைகளும் அதிகம். பெங்களூரின் பயோகான் அதைச் செய்துகாட்டிய சிலரில் ஒன்று. ஆனாலும் உற்பத்திச் செலவு மலைக்கும்படி இல்லை. ஒரு நோயாளிக்கு ஒரு வருடத்துக்கான சாதா மனித இன்சுலினை 48 முதல் 71 டாலருக்குள் தயாரித்து, லாபமும் வைத்து விற்கலாம் என்று 2018-இல் ஓர் ஆய்வு கணக்குப் போட்டது. தொழிற்சாலை வாசலைத் தாண்டியபின் சுங்கவரி, மொத்த வியாபாரி, சில்லறைக் கடை என்று ஒவ்வொருவரும் தம் பங்கை ஏற்றுகிறார்கள். ஏழை நாட்டில் அரசு கொள்முதல் இல்லாவிட்டால் அந்தச் சுமை முழுக்கக் குடும்பத்தின் தலையில்.

அப்ப இன்சுலினை எல்லாருக்கும் இலவசமாக் குடுத்துட்டா முடிஞ்சுபோச்சே?

இந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பக்கத்தையே எழுதுகிறேன். இல்லை, முடியாது. எங்கள் வீட்டுக் கணக்கையே சொல்கிறேன். மகள் 30 கிலோ இருந்தபோது ஒரு நாளைக்குச் சுமார் 25 யூனிட், மாதத்துக்கு 750. நம் ஊர் இன்சுலின் பாட்டில் 10 மில்லி, அதில் 400 யூனிட். ஆக மாதம் இரண்டு பாட்டில். கடையில் காசு கொடுத்து வாங்கினாலும் முன்னூறு, நானூறு ரூபாயில் முடிந்துவிடும். அரசு மருத்துவமனையில் பெரும்பாலும் அதுவும் இலவசம்.

இப்போது ஸ்ட்ரிப்புக்கு வாருங்கள். விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் வைத்துப் பார்க்கிறோமே, அந்தச் சின்னப் பட்டை. ஒன்று 15 முதல் 25 ரூபாய். ஒரு நாளைக்கு நாலு முறை பார்த்தால் மாதம் 120 பட்டை. 20 ரூபாய் என்று வைத்தாலும் 2,400 ரூபாய். மருந்தைவிட மருந்தை அளக்கும் செலவு ஆறேழு மடங்கு! இதை யாரும் இலவசமாகத் தருவது அபூர்வம். மீட்டரை மட்டும் சும்மா தருவார்கள், ஏனென்றால் ஒரு கம்பெனி மீட்டரில் அந்தக் கம்பெனி ஸ்ட்ரிப்தான் போகும். ஸ்ட்ரிப் டப்பாவை நான் மளிகைச் சாமானுக்கு மேல்தட்டில் வைத்திருந்தேன், எண்ணி எண்ணித்தான் எடுப்பேன். சில நாள் விரலில் ரத்தம் போதாமல் "எரர்" காட்டினால் எனக்கு முதலில் வருவது குழந்தைமேல் கவலை அல்ல, இருபது ரூபாய் போச்சே என்ற எரிச்சல். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

சர்க்கரை எவ்வளவு என்று தெரியாமல் ஊசி போடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டுவது மாதிரி. அதிகம் போட்டால் சர்க்கரை 'லோ' ஆகி வலிப்பு, மயக்கம். குறைத்துப் போட்டால் பத்து, பதினைந்து வருடத்தில் கண்ணும் சிறுநீரகமும் போகும். எனவே இன்சுலின், ஊசி, ஸ்ட்ரிப், சொல்லிக்கொடுக்க ஒரு நர்ஸ், போக ஓர் ஆஸ்பத்திரி, இந்த ஐந்தும் ஒரு செட். ஒன்றை மட்டும் இலவசமாக்கிவிட்டு அந்த நாட்டில் இன்சுலின் கிடைக்கிறது என்று அறிக்கையில் எழுதிவிடுவது சுலபம்.

குழந்தைக்கு இதுதான்னு டாக்டருக்கே தெரியாமப் போகுமா?

போகும். எங்களுக்கே போனது. மகள் ராத்திரியில் நாலு தடவை எழுந்து ஒன்றுக்குப் போனாள், சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். பார்த்த முதல் கிளினிக்கில் சிறுநீர்த் தொற்று என்று ஆன்டிபயாட்டிக் எழுதினார்கள். என் மாமியார்தான் பாத்ரூமில் எறும்பு மொய்ப்பதைப் பார்த்துவிட்டு, "இது சர்க்கரைடி" என்றார். மறுநாள் பரிசோதனையில் 480.

நமக்கு மாமியார் இருந்தார். மலேரியா பரவலாக உள்ள ஆப்பிரிக்கக் கிராமத்தில் ஒரு குழந்தை மூச்சு வாங்கி, வாந்தி எடுத்து, நினைவு தப்பி வந்தால் முதலில் மூளை மலேரியா என்றுதான் தோன்றும். அந்தச் சுகாதார நிலையத்தில் ஒரு மீட்டரும் ஒரு ஸ்ட்ரிப்பும் இருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும், பெரும்பாலும் இருக்காது. 2021-இல் மட்டும் சுமார் 35,000 பேர் என்ன நோய் என்றே தெரியாமல், அறிகுறி வந்த ஒரு வருடத்துக்குள் இறந்திருப்பார்கள் என்பது மேலே சொன்ன அதே மதிப்பீடு.

இதற்குப் பெரிய செலவு வேண்டாம் என்பதற்கு இத்தாலியில் பார்மா மாவட்டம் சாட்சி. 1991-இல் தொடங்கிப் பள்ளிகளுக்கும் குழந்தை மருத்துவர்களுக்கும் போஸ்டர் அனுப்பினார்கள். நிறையத் தண்ணீர் குடிக்கிறதா, அடிக்கடி ஒன்றுக்குப் போகிறதா, பழக்கம் விட்ட குழந்தை மறுபடி படுக்கையை நனைக்கிறதா, அவ்வளவுதான் செய்தி. ரத்தம் அமிலமாகி ஆபத்தான நிலையில் வந்து சேரும் குழந்தைகளின் பங்கு சில வருடங்களில் 78 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதமாக இறங்கியது.

ஆப்பிரிக்காவுல இந்த நோயே கம்மியாமே? அப்புறம் ஏன் இவ்வளவு பேச்சு?

ஓரளவு உண்மை. டைப் 1 உலகிலேயே அதிகம் வருவது பின்லாந்தில், இனத்துக்கு இனம் வித்தியாசம் உண்டு. ஆனால் முந்தைய பதிலோடு சேர்த்துப் படித்துப் பாருங்கள். கண்டுபிடிக்கப்படாமல் இறந்த குழந்தை எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. கண்டுபிடித்தும் இரண்டு வருடத்தில் இறந்துபோனால் அந்த வருடக் கணக்கெடுப்பில் இருக்காது. உயிரோடு இருப்பவர்களை எண்ணினால் குறைவாகத்தானே வரும்?

மாலி நாட்டில் 2007-க்குப் பிறகு குழந்தைகளுக்கென்று சிகிச்சைத் திட்டம் வந்தது. அடுத்த பத்து வருடத்தில் பதிவான டைப் 1 பிள்ளைகளின் எண்ணிக்கை பல மடங்கு ஏறியது. நோய் திடீரென்று பரவவில்லை, பிள்ளைகள் சாகாமல் இருந்தார்கள். "எண்ணிக்கை கம்மி, அதனால் ஒதுக்கீடு வேண்டாம்" என்று எந்த அதிகாரியாவது சொன்னால் மாலியைக் காட்டுங்கள்.

ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டுல மருந்தை எப்படி வெச்சுக்குறாங்க?

பிரிக்காத பாட்டிலுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும், உறையவும் கூடாது. பிரித்த பாட்டில் வெயில் படாத இடத்தில் ஒரு மாதம்போலத் தாங்கும். மின்சாரமில்லாத ஊர்களில் இரட்டைப் பானை வைக்கிறார்கள்: பெரிய மண்பானைக்குள் சின்னப் பானை, நடுவில் ஈர மணல், மேலே ஈரத்துணி. தண்ணீர் ஆவியாகும்போது உள்ளே சில டிகிரி குறையும். சூடான், ராஜஸ்தான் மாதிரிக் காய்ந்த காற்றில் இது அருமையாக வேலை செய்யும். கடலோரப் புழுக்கத்தில் பெரிதாகக் குளிராது, நாங்களே வைத்துப் பார்த்தோம்.

கென்யாவின் வடகிழக்கில் உள்ள தகஹலே அகதி முகாமில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு நடத்திய ஆஸ்பத்திரியில், வீட்டில் குளிர்சாதனம் இல்லை என்பதற்காகவே நோயாளிகள் தினமும் ஊசிக்கு நடந்து வர வேண்டியிருந்தது. முகாமின் வெப்பத்தைப் பதிவு செய்து, ஜெனீவா ஆய்வகத்தில் 25 முதல் 37 டிகிரிவரை ஏற்றி இறக்கி நாலு வாரம் இன்சுலினை வைத்துப் பார்த்தார்கள். வீரியம் குறையவில்லை என்று 2021-இல் வெளியிட்டார்கள். மருந்தை வீட்டுக்கே கொடுத்தனுப்பலாம் என்று ஆனது. ஒரு ஆய்வு, தினசரி நடையைக் குறைத்தது. அதற்காக மே மாத வெயிலில் பூட்டிய காரில் மருந்தை விட்டுவிடாதீர்கள், அங்கே 37-ல் நிற்காது.

சாப்பாட்டுக்கே வழியில்லாத வீட்டுல ஊசி போட்டா என்ன ஆகும்?

ஆபத்து. ஏழை நாடுகளில் அதிகம் தரப்படுவது காலை, இரவு என்று இரண்டு வேளை போடும் கலப்பு இன்சுலின். விலை குறைவு, ஊசியும் குறைவு. ஆனால் காலையில் போட்டுவிட்டால் அது மதியமும் வேலை செய்துகொண்டே இருக்கும். மதியச் சோறு வராவிட்டால் சர்க்கரை தரைக்கு இறங்கும். அதனால் உணவு நிச்சயமில்லாத வீட்டில் தாய் ஊசியைத் தவிர்க்கிறாள், அல்லது பாதி போடுகிறாள். அதைப் பார்த்து மருத்துவர் "ஒழுங்காகப் போடுவதில்லை" என்று திட்டுவார். அவள் ஒழுங்காகத்தான் கணக்குப் போட்டிருக்கிறாள்.

பம்ப், சென்சார் இல்லாம நம்ம பிள்ளைங்க நல்லா வளர முடியாதா?

முடியும். இந்தச் சிகிச்சையை மூன்று படியாகப் பிரிக்கிறார்கள். முதல் படி உயிரைப் பிடித்துவைக்க மட்டும்: கலப்பு இன்சுலின், ஸ்ட்ரிப் ஏறக்குறைய இல்லை. நடுப்படி: ஒரு நாளைக்குப் பல ஊசி, இரண்டு முதல் நாலு முறை பரிசோதனை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தச் சோதனை, கண் சிறுநீரகச் சோதனை, கற்றுக்கொடுக்க ஆள். மேல்படியில்தான் இன்சுலினைத் தொடர்ந்து செலுத்தும் பம்ப், உடம்பில் ஒட்டிக்கொண்டு சர்க்கரையைக் காட்டும் சென்சார் எல்லாம். பிரிட்டனில் 2022 முதல் டைப் 1 உள்ள எல்லாருக்கும் சென்சார் தரலாம் என்று வழிகாட்டுதல். 2024 ஏப்ரலில் தானாக இயங்கும் பம்ப் திட்டமும் அங்கே தொடங்கியது. நம் ஊரில் ஒரு சென்சார் நாலாயிரத்துக்கு மேல், இரண்டு வாரம் ஓடும்.

என் தனிப்பட்ட கருத்து: முதல் படியிலிருந்து நடுப்படிக்கு ஏறுவதுதான் பெரிய தாவல். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் கண், சிறுநீரகக் கோளாறு வெகுவாகக் குறையும் என்று அமெரிக்கப் பெரும் ஆய்வு ஒன்று 1993-இல் நிரூபித்தபோது இன்றைய சென்சார் எதுவும் இல்லை. விரலைக் குத்தித்தான் சாதித்தார்கள்.

ஒல்லியா இருக்குற பிள்ளைக்கு வர்ற எல்லா சுகரும் டைப் 1-தானா?

இல்லை போலிருக்கிறது. சிறுவயதிலிருந்து சத்துக் குறைவால் வரும் ஒரு வகையை 1955-இல் ஜமைக்காவில் முதலில் விவரித்தார்கள். 1985-இல் உலக சுகாதார நிறுவனம் பட்டியலில் சேர்த்தது, 1999-இல் நீக்கியது. வேலூர் சிஎம்சி மருத்துவர்களின் பங்களிப்போடு நடந்த ஆய்வுகளுக்குப் பிறகு, 2025-இல் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு அதை 'டைப் 5' என்று ஏற்றுக்கொண்டது. ஏழைகளின் நோய்க்குப் பெயர் வைக்கவே எழுபது வருடம். இதை வைத்துக்கொண்டு யாரும் வீட்டிலேயே ஊசியை நிறுத்திப் பார்க்க வேண்டாம். வகையைப் பிரிக்கும் சோதனையை மருத்துவர்தான் செய்ய வேண்டும்.

அமெரிக்காவுலயே இன்சுலின் வாங்க முடியாம செத்துப்போறாங்களாமே, உண்மையா?

உண்மை. 1996-இல் 21 டாலருக்கு வந்த ஒரு பாட்டில் இருபது வருடத்தில் 275 டாலரைத் தொட்டது. பெற்றோரின் காப்பீட்டிலிருந்து வயது காரணமாக வெளியே வந்த இளைஞர்கள் மருந்தை மிச்சம் பிடித்து இறந்திருக்கிறார்கள். 2023-இல்தான் முதியோர் காப்பீட்டில் மாதம் 35 டாலர் என்று உச்சவரம்பு வந்தது, அதே வருடம் எலி லில்லி சில இன்சுலின்களின் பட்டியல் விலையை 70 சதவீதம் குறைப்பதாக அறிவித்தது. பணக்கார நாடு என்பது வேறு, எல்லாருக்கும் மருந்து தரும் நாடு என்பது வேறு.

தென்னாப்பிரிக்காவுல பேனா இன்சுலினை நிறுத்திட்டாங்கன்னு படிச்சேன்?

ஆமாம், 2024-இல். அரசு மருத்துவமனைகளுக்குப் பேனா (இன்சுலின் அடைத்த, பேனா வடிவ ஊசி) கொடுத்துவந்த நோவோ நார்டிஸ்க் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை, உற்பத்தித் திறன் போதவில்லை என்றது. பேனாவில் பழகிய பிள்ளைகள் மறுபடி பாட்டிலுக்கும் சிரிஞ்சுக்கும் திரும்பினார்கள். காசு உள்ளவர்கள் தனியாரில் பேனா வாங்கிக்கொண்டார்கள்.

துபாய்ல இருக்குற தம்பி மிச்ச இன்சுலின் கொண்டுவரேங்குறான், வாங்கிக்கலாமா?

இதில் ஒரு பொறி இருக்கிறது. நம் ஊர்ப் பாட்டிலில் மில்லிக்கு 40 யூனிட், அதற்கு சிவப்பு மூடி சிரிஞ்சு. வெளிநாட்டுப் பாட்டிலில் மில்லிக்கு 100 யூனிட், ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. வெளிநாட்டு மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் பத்தாம் கோடுவரை இழுத்தால் உள்ளே போவது பத்து அல்ல, 25 யூனிட். மருத்துவரிடமோ நர்சிடமோ காட்டாமல் போடாதீர்கள். பெரிய அளவில் நன்கொடை தருவோருக்கும் விதி உண்டு: போய்ச் சேரும்போது காலாவதிக்குக் குறைந்தது ஒரு வருடமாவது இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாளை தீரப்போகும் மருந்தை அனுப்பிப் பெயர் வாங்குவது நிறைய நடந்திருக்கிறது.

இலவசமாக் குடுக்குற திட்டம் எதாவது இருக்கா? பிள்ளை வளர்ந்தப்புறம் என்ன பண்றது?

உலக அளவில் 'லைஃப் ஃபார் எ சைல்ட்' 2000-லிருந்து இயங்குகிறது, நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில். நோவோ நார்டிஸ்க் மற்றவர்களோடு சேர்ந்து 2009-இல் ஒன்று தொடங்கியது. ருவாண்டாவில் மாவட்ட மருத்துவமனை நர்சுகளைப் பழக்கி டைப் 1 பிள்ளைகளைப் பார்க்கவைத்தார்கள். அந்த முறையை 2022-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆப்பிரிக்கப் பிரிவு மொத்தக் கண்டத்துக்கும் ஏற்றது. நமக்குப் பக்கத்தில் கேரளம் 2018 முதல் 'மிட்டாயி' என்ற திட்டத்தில் பேனாவும், தேவைப்படுவோருக்குப் பம்பும்கூடத் தருகிறது. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனை இன்சுலினோடு, டைப் 1 குழந்தைகளுக்கென்றே நடக்கும் அறக்கட்டளைகளும் உண்டு. உங்கள் மருத்துவமனைச் சமூகப் பணியாளரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

வளர்ந்தப்புறம்? அங்கேதான் இடி. குழந்தைகளுக்கான திட்டங்கள் ஒரு வயதோடு நின்றுவிடும், பெரும்பாலும் 25-ஐ ஒட்டி. நோய் நிற்காது. வேலை தேடும் வயதில், கல்யாணம் பேசும் வயதில், ஸ்ட்ரிப் டப்பா காலியாகும். 2030-க்குள் டைப் 1 உள்ள எல்லாருக்கும் கட்டுப்படியாகும் விலையில் இன்சுலினும் பரிசோதனையும் கிடைக்க வேண்டும் என்று 2022-இல் உலக நாடுகள் இலக்கு வைத்தன. இலக்கில் பரிசோதனை என்ற சொல் சேர்ந்ததே எனக்குப் பெரிய ஆறுதல்.

ஏழை நாட்டுப் பிள்ளைங்களுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு ஸ்ட்ரிப்தான்னா எப்பம்மா பார்ப்பாங்க?

இது என் மகள் கேட்டது. போன மாதம், இதையெல்லாம் தட்டச்சு செய்யும்போது பின்னால் நின்று படித்துவிட்டாள். நேரத்தை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். இன்றைக்குக் காலைச் சாப்பாட்டுக்கு முன், மதியத்துக்கு முன். நாளைக்கு இராச் சாப்பாட்டுக்கு முன், படுக்கும் முன். ஒரு வாரத்தை நோட்டில் எழுதிவைத்தால் ஒரு முழு நாளின் படம் கிடைத்துவிடும், அதை வைத்து நர்ஸ் அளவை மாற்றுவார். கை நடுங்கி வியர்த்தால் ஸ்ட்ரிப்பைத் தேடாமல் முதலில் சர்க்கரையை வாயில் போடச் சொல்லிக்கொடுப்பார்கள். காய்ச்சல் வந்தால் கணக்கெல்லாம் தப்பும் என்பதால், சில அம்மாக்கள் தினம் இரண்டில் ஒன்றை எடுக்காமல் தனி டப்பியில் சேர்த்துவைப்பார்கள்.

"அப்ப அன்னைக்கு ஒரு வேளை பார்க்காம விட்டிருப்பாங்களே" என்றாள். ஆமாம், விட்டிருப்பார்கள்.